அண்ணன் மனந்திரும்பிவிட்டார், நிலம் இன்னும் திரும்பவில்லை

தோப்புக்காரி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுகிற பழக்கம் இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரு பக்கமும் நான் மட்டும் ஒரு பக்கமுமாக நிற்கிறோம், அதனால் வெளியாட்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

பண்ருட்டிப் பக்கம் அப்பா வைத்துவிட்டுப் போன முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால் மரமெல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்தது, தோப்புக்குள் நடக்க வழியில்லை. மறுபடி கன்று வைக்க லோன் வாங்க வேண்டும், உன் கையெழுத்தும் வேண்டும் என்று அண்ணன் கூப்பிட்டார். கூடப் பிறந்தவர் கூப்பிட்டால் போகத்தானே செய்வோம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, விரல் உருட்டிவிட்டு, கையில் மையோடு பஸ் ஏறிப் பாண்டிக்கு வந்துவிட்டேன். பல வருடம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது விடுதலைப் பத்திரம். என் பங்கை நானே மனமுவந்து அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேனாம். கேட்டதற்கு "பொம்பளைப் பிள்ளைக்கு நகை போட்டாச்சே" என்றார். கேஸ் போட்டேன், நடக்கிறது.

இப்போது விஷயம் என்னவென்றால் அண்ணன் குடியை விட்டுவிட்டார். ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தார். ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து "கூடப் பிறந்தவளுக்கே துரோகம் செய்த பாவி நான், கர்த்தர் என்னை மன்னித்தார்" என்று அழுது சாட்சி சொன்ன வீடியோ சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அம்மா, சித்தி, அவருடைய பாஸ்டர் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: அவனே ஒத்துக்கொண்டான், நீ மன்னித்துக் கேஸை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் உன் ஜெபமே கேட்கப்படாது. நிலத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை.

நான் பிறந்தது லுத்தரன் குடும்பம், வாழ்க்கைப்பட்டது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். மன்னிப்பது என்றால் கேஸை வாபஸ் வாங்குவதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விசுவாசி77

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வேதம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 1 கொரிந்தியர் 6:7 படியுங்கள். "நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" கூடப் பிறந்தவரைக் கோர்ட்டில் நிறுத்திவிட்டு மன்னித்தேன் என்று சொன்னால் அதை யார் நம்புவார்கள்? எனக்கும் என் தம்பிக்கும் ஒரு பொதுச் சுவர் தகராறு இருந்தது. விட்டுக்கொடுத்தேன். பணம் போனது, தூக்கம் வந்தது. இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அனுபவித்ததைச் சொல்கிறேன். ஸ்தோத்திரம்.

மஞ்சக்குப்பத்தான்

லூக்கா 19-இல் வருகிற வரி வசூலிப்பவன் சகேயு, இயேசு கூப்பிட்டதும் மரத்திலிருந்து இறங்கி மைக் கேட்கவில்லை. ஏமாற்றி வாங்கியதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்", அதாவது நாலு மடங்காக, என்றான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னது அதற்கு அடுத்த வசனத்தில். அவ்வளவுதான் நான் சொல்வது.

விசுவாசி77

சார், சகேயு தானாகக் கொடுத்தான். அவன்மேல் யாரும் கேஸ் போடவில்லை.

மஞ்சக்குப்பத்தான்

அண்ணனும் தானாகக் கொடுக்கட்டுமே, யார் தடுத்தது? தானாகக் கொடுக்காத இடத்தில்தான் கேஸ் வருகிறது.

கெடிலம்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தாத்தா உபதேசியார். ஆற்காடு லுத்தரன் சபையில் ஊர் ஊராகச் சைக்கிளில் போனவர். வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் இந்த மாதிரி வாதங்கள் நடக்கும், சாப்பாட்டுக்குப் பின்னாலும் நடக்கும்.

மன்னிப்பு என்றதும் எல்லோரும் மத்தேயு 18-ஐ எடுப்பார்கள். ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்கிறான், ஏழெழுபது தரம் என்று பதில் வருகிறது, பிறகு அந்தக் கடன்கார ஊழியக்காரன் கதை. ராஜாவுக்கு அவன் தர வேண்டியது பதினாயிரம் தாலந்து. அவனுக்கு இன்னொருவன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். ராஜா அவனுக்கு விட்டுக்கொடுத்தார், அவன் இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பிரசங்கத்தில் இந்த நூறைச் "சில்லறைக் கடன்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, அது திராட்சத்தோட்டக்காரர் கதையிலேயே வருகிறது. இன்றைக்குக் கூலி 800 ரூபாய் என்று வைத்தால் நூறு வெள்ளிப்பணம் 80,000 ரூபாய். இது சில்லறை இல்லை, ஒரு கூலிக்காரன் குடும்பத்துக்கு மூன்று மாதச் சாப்பாடு. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி, அப்படிப் பார்த்தால் ராஜா விட்டுக்கொடுத்தது 4,800 கோடி. நமக்கு நடந்த அநியாயம் சின்னது என்று இந்தக் கதை எங்கும் சொல்லவில்லை. அது பெரிசுதான், ஆனால் நமக்கு விடப்பட்டது அதைவிடக் கணக்கில்லாமல் பெரிசு என்கிறது. "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லி மன்னிக்கச் சொல்பவர்கள் கதையின் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஊழியக்காரன் மாட்டிக்கொண்டது கடனைக் கேட்டதற்காகவா? தொண்டையைப் பிடித்து நெரித்து, கெஞ்சியவனைக் காவலில் போட்டானே, அதற்காக. இங்கே யார் யார் தொண்டையைப் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தோப்புக்காரி அக்காதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் விசுவாசி தம்பிக்கு. கொரிந்தியர் 6-இல் ஏழாம் வசனத்தோடு நிறுத்தாதீர்கள். எட்டாம் வசனம், "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே." அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் இரண்டு பேரையும்தான் திட்டுகிறார். ஐந்தாம் வசனம் இன்னும் காரம், சகோதரருடைய வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாவது உங்களுக்குள் இல்லையா என்று சபையைக் கேட்கிறார். வெளிக் கோர்ட்டுக்குப் போகாதே என்று சொல்ல வேண்டுமானால் சபை முதலில் உட்கார்ந்து நியாயம் தீர்த்திருக்க வேண்டும். அந்தப் பாஸ்டர் அண்ணன் சாட்சி சொன்னபோது கைதட்டினார், சரி. பத்திரத்தை எடுத்துவா, பார்ப்போம் என்று ஒரு தரமாவது சொன்னாரா?

சும்மா வந்தவன்

நான் இந்து. உங்களுக்குள் பெந்தெகொஸ்தே, லுத்தரன், ஆர்.சி. என்ன வித்தியாசம் என்றுகூடத் தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகம். ஏமாந்தது இந்த அம்மா. மன்னித்தது கடவுள். நடுவில் இந்த அம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? தப்பாக நினைக்க வேண்டாம், நிஜமாகவே புரியாமல் கேட்கிறேன்.

வில்லியனூர் அத்தை

தப்பாக ஏன் நினைக்கிறோம் தம்பி, நல்ல கேள்வி.

எங்கள் ஆர்.சி. பக்கம் சின்ன வயதிலேயே ஞானோபதேச வகுப்பில் ஒப்பிக்க வைப்பார்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு, ஐந்து காரியம் வேண்டும். செய்த பாவத்தை நினைத்துப் பார்க்கணும், மனஸ்தாபப்படணும், இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை எடுக்கணும், குருவிடம் சொல்லணும், அபராதம் தீர்க்கணும். இந்த ஐந்தாவதைத்தான் எல்லோரும் மூன்று தரம் 'அருள் நிறை மரியே' ஜெபம் சொன்னால் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. திருடினதைத் திருப்பிக் கொடுக்கணும், ஒருத்தர் பெயரைக் கெடுத்திருந்தால் அதைச் சரிசெய்யணும் என்று திருச்சபையின் மறைக்கல்வியிலேயே இருக்கிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் உண்டாக்கிய சேதத்தைச் சரிசெய்வது நம் வேலை.

எங்கள் மாமியார் சொல்வார், அந்தக் காலத்துச் சாமியார் ஒருவரிடம் போய்க் கோழி திருடினேன் என்று சொன்னால், கோழி இப்போது எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பாராம். குழம்பாகிவிட்டது சாமி என்றால், அப்படியானால் விலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்பாராம். கதையோ நிஜமோ தெரியாது, மாமியார் சொன்னது.

அம்மாடி தோப்புக்காரி, அண்ணன் அழுதது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். குடிக்கிறவன் குடியை விடுவது லேசு இல்லை. முதல் நாலு காரியத்தைச் செய்துவிட்டு ஐந்தாவதில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்.

கெடிலம்

சும்மா வந்தவன் கேட்டது சும்மா கேட்ட கேள்வி இல்லை. தாவீது ராஜா பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொன்றான். பிறகு மனம் உடைந்து பாடினான் என்று சொல்லப்படும் 51-ஆம் சங்கீதத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று வருகிறது. படிக்கும்போதெல்லாம் உரியாவைப் பற்றி ஏன் பேச்சே இல்லை என்று எனக்கு இடிக்கும். எந்தப் பாவமும் கடைசியில் கடவுளுக்கு விரோதமானது என்று விளக்கம் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதிக்கப்பட்டவனுக்கு அது போதாது. அதே கதையில் நாத்தான் தீர்க்கதரிசி கர்த்தர் உன் பாவத்தை நீக்கினார் என்கிறான், பட்டயம் (வாள்) உன் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொல்கிறான். மன்னிப்பு கிடைத்தது, விளைவு போகவில்லை.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது, மத்தேயு 5:23. பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. கவனித்துப் பாருங்கள், யாருக்கு யார்மேல் குறை? குறை இருப்பது அடுத்தவனுக்கு, எழுந்து நடக்க வேண்டியது இவன். எங்கள் கூட்டங்களில் இந்த வசனத்தைத் திருப்பிப் போட்டுப் பாதிக்கப்பட்டவரை எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். மேடையேறுவதற்கு முன்னால் அண்ணன்தான் பாண்டிக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

விசுவாசி77

//மேடையேறுவதற்கு முன்னால் அண்ணன்தான் பாண்டிக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும்//

இதை ஒத்துக்கொள்கிறேன். அவர் செய்ய வேண்டியது அது. ஆனால் நாம் பேசுவது சகோதரி செய்ய வேண்டியதைப் பற்றி. கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை நினைத்துப் பாருங்கள். 1999 ஜனவரியில் ஒரிசா மனோகர்பூரில் கணவரையும் இரண்டு சிறு பையன்களையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். யாரும் வந்து அந்த அம்மாவிடம் காலில் விழவில்லை. அவரே மன்னித்தேன் என்றார். பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்துகொண்டு அங்கேயே இருந்தார். மூன்று உயிருக்கு முன்னால் ஒரு தோப்பு எம்மாத்திரம்?

நெல்லித்தோப்பு

தயவுசெய்து அந்த அம்மாவை எடுத்து மற்றவர்களை அடிக்காதீர்கள். அவர் தானாகச் சொன்னது அது. யாரும் பின்னால் நின்று முதுகில் தள்ளவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், புருஷன் அடித்து மண்டையில் தையல் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஜெபம் செய்து, மன்னிக்கச் சொல்லி, அதே சாயங்காலம் ஆட்டோ வைத்து அனுப்பினார்கள். அவன் அழுதான், அவர்கள் நம்பினார்கள். மறுபடியும் அடித்தான், மறுபடியும் அழுதான். ஏழெழுபது தரம் என்ற வசனம் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மன்னிப்பது ஒன்று, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது வேறு. இதைப் பிரித்துச் சொல்லாதவர்கள் மன்னிப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. கோபமாக எழுதுகிறேன், தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தான்

கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்ஸ் அம்மா மன்னித்தார், வழக்கு நின்றதா? நடந்தது. முக்கியக் குற்றவாளிக்குக் கீழ்க் கோர்ட் தூக்கு கொடுத்து, ஹைகோர்ட் 2005-இல் ஆயுளாகக் குறைத்து, சுப்ரீம் கோர்ட் 2011-இல் அந்த ஆயுளை உறுதி செய்தது. போப் இரண்டாம் ஜான் பால் தன்னைச் சுட்டவனை 1983-இல் ஜெயிலுக்கே போய்ப் பார்த்துப் பேசினார். அவன் இத்தாலிச் சிறையிலிருந்து வெளியே வந்தது 2000-இல். மன்னித்தவர்கள் யாரும் உடனே சாவியைக் கையில் எடுக்கவில்லை.

உப்பங்கழி

நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், கசப்பாக இருக்கும். இங்கே பாண்டிச்சேரியில் சம்பா கோவில் என்கிற மாதா கோவிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைத் தனியாக உட்கார வைக்க ஒரு சுவர் இருந்தது, 1745-இல் அதைப்பற்றி நடந்த தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவர் போய்விட்டது. தனிக் கல்லறை, தனித் தெருத் தேர் என்று அதன் பேரப்பிள்ளைகள் இன்னும் பல ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் எங்களிடம்தான் "பழசை மறந்துவிடுங்கள், கசப்பை விடுங்கள், கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று" என்கிறார்கள். மன்னிக்கச் சொல்லி உபதேசம் எப்போதும் கீழே இருப்பவனைத் தேடித்தான் வருகிறது. அண்ணனிடம் நிலத்தைக் கொடு என்று ஒருவரும் சொல்லவில்லை, தங்கையிடம் கேஸை விடு என்று ஊரே சொல்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

மட்டுறுத்துநர்

உப்பங்கழி சொன்னது இந்த இழைக்கு வெளியே இல்லை, அதனால் நீக்கவில்லை. ஆனால் தேர், கல்லறை என்று ஊர்ப்பெயர் போட்டு அடுத்தடுத்து வந்த பதிவுகளை எடுத்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

கோர்ட் குமாஸ்தா

வசனம் எனக்குத் தெரியாது, கோர்ட்டில் கேஸ் கட்டு தூக்குகிறவன். சட்டத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

கிறிஸ்தவர்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமம், ஆண் பெண் பேதம் கிடையாது. நகை போட்டாச்சு என்பதால் பங்கு போய்விடாது. அடுத்தது, யாரோ சொன்னார்கள் என்று வெறும் வாபஸ் மெமோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மறுபடி போட அனுமதி வேண்டும் என்று கோர்ட்டிடம் கேட்டு வாங்காமல் வாபஸ் வாங்கினால் அதே காரணத்துக்கு இன்னொரு கேஸ் போட முடியாது. நாளைக்கு அண்ணன் மனம் மறுபடியும் திரும்பினால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

சமாதானமாகப் போகத்தான் வேண்டும் என்றால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது, நீங்கள் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும். அண்ணன் தங்கை கேஸில் தீர்ப்பு வாங்கி ஜெயித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், வாசலில் இறங்கும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. அங்கே முடித்துக்கொண்டு போகிறவர்கள் எதிர் டீக்கடையில் ஒன்றாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இல்லை, சிலர்.

தோப்புக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்தேன். நெல்லித்தோப்பு அக்கா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் ஃபோனை வைத்துவிட்டேன்.

கேஸ் என்னை உறுத்தவில்லை என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. உறுத்துவது வேறு. கெடிலம் அண்ணன் கேட்டாரே, யார் யார் தொண்டையைப் பிடிக்கிறார்கள் என்று. போன கோடையில் அண்ணன் தோப்பில் போர் போட்டார். பாறைதான் வந்தது, தண்ணீர் இல்லை, போட்ட பணம் அத்தனையும் போச்சு என்று சித்தி ஃபோனில் சொன்னாள். ஐயோ என்று வாயால் சொன்னேன். அன்று இரவு எனக்கு வந்த தூக்கம், ரொம்ப நாளாக வராத தூக்கம். அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தால் முதல் ஆளாகப் பார்ப்பேன், ஏதாவது கெட்ட செய்தி இருக்குமா என்று. கேஸை நாளைக்கே வாபஸ் வாங்கினாலும் இது போகாது என்று நினைக்கிறேன். கேஸை ஜெயித்தாலும் போகாது. இதற்கு என்ன செய்வது?

கேப்பர் மலை

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நான் உள்ளே இருந்தவன் இல்லை. கேப்பர் மலையில் இருக்கிற கடலூர் மத்திய சிறைக்கு ஜெபக்குழுவோடு போய் வருகிறவன்.

முதலில் அண்ணனைப் பற்றி. உள்ளே சீக்கிரம் அழுகிறவர்களை நான் சீக்கிரம் நம்புவதில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக இல்லை, அழுகை தங்களுக்காக இருக்கும். "எனக்கு இப்படி ஆகிவிட்டதே, என்னை மன்னிப்பாரா, என் பிள்ளைகள் என்ன ஆகும்", எல்லாம் நான், எனக்கு, என். சிலரிடம் ஒரு நாள் பேச்சு மாறும். "அந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்ததே, அது படிக்கிறதா, யாராவது பார்த்துச் சொல்வீர்களா" என்று மெதுவாகக் கேட்பார்கள். அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஆள் திரும்ப ஆரம்பித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன். லுத்தர் 1517-இல் எழுதிய 95 வாசகங்களில் முதலாவதே விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒரு கூட்டத்தில், ஒரு மைக்கில் முடிகிற காரியம் இல்லை. உங்கள் அண்ணன் உங்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாரா என்று அம்மாவிடம் விசாரியுங்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி நான் சொல்வதைவிடக் கெடிலம் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

கெடிலம்

இழுத்துவிட்டீர்கள், சரி.

அக்கா எழுதியதற்கு வசனம் அப்படியே இருக்கிறது. நீதிமொழிகள் 24:17, "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே." இப்படி ஒரு கட்டளை இருப்பதே, விழும்போது சந்தோஷம் வரும் என்று எழுதியவருக்குத் தெரியும் என்பதால்தான். 109-ஆம் சங்கீதத்தைப் படித்தால் இன்னும் தெரியும், அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களாகட்டும், மனைவி விதவையாகட்டும் என்று போகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த வெறுப்பை ஜெபமாக வெளியே கொட்டலாம், அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டாமல் இருந்தால் போதும் என்று தாத்தா சொல்வார்.

மனசை மாற்றிக்கொள் என்று சொன்னால் மனசு மாறாது. மோசேயின் நியாயப்பிரமாணம் அதனால்தான் ஓர் இடத்தில் மனசைத் தொடாமல் கையைத் தொடுகிறது. யாத்திராகமம் 23:5, உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் அவனுக்கு உதவி செய். அவனை நேசி என்றுகூட அங்கே சொல்லவில்லை, கழுதையைத் தூக்கு என்கிறது. நீங்கள் ஒரு பக்கம் தூக்க, அவன் ஒரு பக்கம் தூக்க வேண்டும், வேறு வழியில்லை. கேஸ் பாட்டுக்குக் கேஸ் நடக்கட்டும், அண்ணனுக்குக் கழுதை எங்கே விழுந்து கிடக்கிறது என்று பாருங்கள்.

யோசேப்பைப் பற்றியும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அண்ணன்மார் குழியில் போட்டு விற்றார்கள். பிறகு அவன் அதிகாரியாக இருந்த எகிப்துக்குத் தானியம் வாங்க வந்தபோது அவர்களை அவன் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. ஒருவனைக் காவலில் வைத்தான், கடைசித் தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்து வைத்துச் சோதித்தான். தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று யூதா முன்னால் வந்து நின்ற பிறகுதான் அடக்கமாட்டாமல் அழுதான். அன்றைக்கு யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னவனே அந்த யூதாதான். ஆள் மாறியிருக்கிறானா என்று பார்ப்பது பாவம் இல்லை. அதற்கப்புறம் அப்பா யாக்கோபு எகிப்தில் 17 வருடம் இருந்து இறந்து போகிறார். அடக்கம் முடிந்ததும் அண்ணன்மார் நடுங்குகிறார்கள், அப்பா போய்விட்டார், இனி இவன் பழிவாங்குவான் என்று. 17 வருடம் அவன் கையால் சாப்பிட்டவர்கள்! மன்னித்தவன் எப்போதோ மன்னித்துவிட்டான், மன்னிக்கப்பட்டவர்களுக்கு அது உள்ளே இறங்கவே இல்லை. குற்றம் செய்தவன் அதைச் சரிசெய்யாமல் விட்டால் அவனுக்கும் நிம்மதி கிடையாது. பங்கைக் கேட்பதில் அண்ணனுக்கும் நன்மை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதைச் சொன்னால் என்னை வக்கீல் புத்தி என்பார்கள், சொல்லட்டும்.

விசுவாசி77

இதைப் படித்தபின் ஒன்று மாற்றிச் சொல்கிறேன். வாபஸ் வாங்குங்கள் என்று இப்போது சொல்ல மாட்டேன், பாஸ்டரை உட்காரச் சொல்லுங்கள் என்பேன். ஆனால் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் வழியும் வேதத்தில் இருக்கிறது, அது ஏமாளிகளின் வழி இல்லை என்பதில் நான் நிற்கிறேன். தெரிந்தே இழப்பவன் வேறு, ஏமாந்து இழப்பவன் வேறு.

வில்லியனூர் அத்தை

தெரிந்தே இழக்கட்டும் தம்பி, யார் வேண்டாம் என்றது. முதலில் அவள் கையில் கொடுங்கள், பிறகு அவள் விட்டுக்கொடுக்கிறாளா பார்ப்போம். கையில் இல்லாததை எப்படி விட்டுக்கொடுப்பது?

தோப்புக்காரி

என்ன நடந்தது என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

கொரிந்தியர் 6-இல் ஐந்தாம் வசனத்தைப் பாஸ்டருக்கு அனுப்பி, நீங்கள் உட்கார்ந்து தீர்ப்பதானால் நான் வருகிறேன், பத்திரங்களை அண்ணன் எடுத்து வரட்டும் என்றேன். மூன்று நாள் பதில் இல்லை. அப்புறம் வரச் சொன்னார். மனிதர் நல்லவர்தான், இதற்கு முன் யாரும் அவரிடம் முழுக்கதையைச் சொல்லவில்லை போல. விடுதலைப் பத்திரத்தைப் படித்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தார், அண்ணன் தரையைப் பார்த்தார். ரோட்டோரமாக இருந்த பகுதியை மனை போட்டு விற்றாகிவிட்டது, அந்தப் பணம் பெண்ணின் நர்சிங் படிப்புக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது. மிச்சத்தில் பாதி தருகிறேன் என்கிறார். விற்றதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்தப் பாதி என் பங்கைவிடக் குறைவு. அம்மா வாங்கிக்கொள் என்கிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை, முடிவு எதுவானாலும் மக்கள் நீதிமன்றத்தில் எழுதித்தான் என்று சொல்லிவிட்டேன். பாஸ்டரும் அதுதான் சரி என்றார், அண்ணிக்குத்தான் முகம் சுருங்கியது.

கெடிலம் அண்ணன் சொன்ன கழுதையை நான் எங்கே என்று தேடவில்லை, அதுவே கண்ணெதிரில் கிடந்தது. வடக்கு வேலியோரம் பனைமரத்துக்குப் பக்கத்தில் அப்பா காலத்தில் ஒரு கிணறு தூர்ந்துபோய் மூடினார்கள். சின்னப் பிள்ளையில் அதில் தண்ணீர் எடுத்தது எனக்கு நினைவிருக்கிறது, அண்ணன் அப்போது ஹாஸ்டலில் இருந்தார், அவருக்குத் தெரியாது. போர் போடுவதானால் அங்கே பார் என்று கிளம்பும்போது சொன்னேன். சொன்ன பிறகு பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, அவர் சரி என்றார், நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். ஸ்டேட்டஸ் பார்ப்பது குறைந்திருக்கிறது. முழுக்க நின்றுவிடவில்லை.

கோர்ட் குமாஸ்தா

நல்லது அம்மா. ஒரே ஒரு சந்தேகம். மனை வாங்கினவர்களையும் கேஸில் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறீர்களா? அவர்களை விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேர் மட்டும் சமாதானம் எழுதினால் நாளைக்கு அவர்கள் வந்து நிற்பார்கள்.

தோப்புக்காரி

இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறது. மூன்றாவது மனை போன வருடம் விற்றதாம், அன்றைக்குத்தான் வாயிலிருந்து வந்தது.

கோர்ட் குமாஸ்தா

அப்படியானால் கேஸ் நடக்கும்போதே விற்றிருக்கிறார், வாங்கினவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். இருந்தாலும் வக்கீலிடம் சொல்லி அவரையும் சேர்க்க ஒரு மனு போடச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால்.